மாவட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? தமிழ்நாட்டைப் பகுத்த கோடுகள் பற்றி ஒரு மீள்பார்வை

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலமாக எல்லை திருத்தப்பட்ட சென்னை மாநிலத்தில் 13 மாவட்டங்கள் இருந்தன. 2020 டிசம்பர் 28 அன்று மயிலாடுதுறை 38ஆவது மாவட்டமாக இயங்கத் தொடங்கியது. இடைப்பட்ட 64 ஆண்டுகளில் மாநிலத்தின் பரப்பு பெரிதாக மாறவில்லை. ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர் என்பதே அன்றும் இன்றும் கணக்கு. ஆகவே ஒரு மாவட்டத்தின் சராசரிப் பரப்பு 10,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 3,400க்கு இறங்கியிருக்கிறது.

மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் படம் வேறு. 1961இல் 3.37 கோடிப் பேர் 13 மாவட்டங்களில் வாழ்ந்தார்கள். சராசரி 26 லட்சம். 2011 கணக்கெடுப்பின் 7.21 கோடியை இன்றைய 38ஆல் வகுத்தால் 19 லட்சம். நிலத்தால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிய மாவட்டம், மக்களால் கால்பங்குதான் குறைந்திருக்கிறது. மாவட்டங்கள் அளவுக்கு மீறிச் சிறுத்துவிட்டன என்பவர்களும் இன்னும் பெரிதாகவே இருக்கின்றன என்பவர்களும் ஒரே வரைபடத்தைக் காட்டி வாதிட முடிவது இதனால்தான்.

ஒரு மாகாணத்தை எந்த அடிப்படையில், எந்த அளவில் உட்பிரிவு செய்வது என்ற கேள்விக்குத் தமிழகத்தில் ஆயிரம் ஆண்டுகளாக விடைகள் தரப்பட்டிருக்கின்றன. நிலமும் நீரும் வகுத்தபடி பிரிக்கலாம் என்பது ஒன்று. வரி வசூலுக்கு ஏற்றபடி என்பது இன்னொன்று. மக்கள் நடந்துபோய் மனுக் கொடுத்துத் திரும்பும் தொலைவே அளவுகோல் என்பது மூன்றாவது. உள்ளூரார் தம்மைத் தாமே ஆளத் தகுந்த அலகு எதுவோ அதுவே மாவட்டம் என்பது நான்காவது. இவற்றின் தோற்றத்தையும் குறைகளையும் வரிசையாகப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது: அளவைப் பற்றிய விவாதம், மாவட்டம் எதற்காக என்ற முதற்கேள்வியைப் பெரும்பாலும் தீர்க்காமலேயே நடந்துவந்திருக்கிறது.

நாடும் வளநாடும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஓர் ஊரின் முகவரி மண்டலம், வளநாடு, நாடு அல்லது கூற்றம், பிறகு ஊர் என்று இறங்கிவரும். தொண்டை மண்டலத்தில் வளநாட்டுக்கு மாற்றாகக் கோட்டம். இந்த அடுக்கு எதைக் காட்டுகிறது என்பதில் ஆய்வாளர்கள் மூன்று திசைகளில் பிரிந்தார்கள்.

கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி இதில் வலுவான அரசையும் உயிர்ப்புள்ள ஊர்ச் சபைகளையும் ஒருசேரக் கண்டார். பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) சொல்லும் குடவோலை முறையும் 30 குடும்புகளாக ஊரைப் பகுத்த விதமும் அவர் சித்திரத்தின் ஒரு பாதி. மேலிருந்து இறங்கும் அதிகாரிகள் மறுபாதி. பர்ட்டன் ஸ்டைன் 1980இல் வெளியிட்ட நூலில் இதை ஏறத்தாழத் தலைகீழாக்கினார். அவர் பார்வையில் நாடுதான் உண்மையான அலகு. சோழ மன்னனின் அதிகாரம் காவிரிப் படுகைக்கு வெளியே பெரிதும் சடங்கு சார்ந்தது. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளில் வரும் அலுவலர் பட்டங்களையும் வரிச் சொற்களையும் எண்ணிக் கணக்கிட்டு, முதலாம் ராஜராஜன் காலம் முதல் மத்திய அரசின் கை நீண்டுகொண்டே போனதைக் காட்டினார்கள். புரவுவரித் திணைக்களம் போன்ற வருவாய் அமைப்பு இருந்த இடத்தில் அரசை வெறும் சடங்காகக் கொள்வது கடினம்.

நம் கேள்விக்கு மிக நெருக்கமானது சுப்பராயலு 1973இல் சோழநாட்டின் அரசியல் புவியியல் பற்றி வெளியிட்ட நூல். கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களை இன்றைய நிலப்படத்தில் ஒவ்வொன்றாக இடம் கண்டு, எந்த ஊர் எந்த நாட்டில் இருந்தது என்று அவர் வரைந்தார். பொறுமை மிகுந்த உழைப்பு அது. நாடுகள் ஒரே அளவில் இல்லை என்பது அதில் தெரியவந்தது. வாய்க்கால் பாயும் படுகையில் அவை சிறியவை, நெருக்கமானவை. புன்செய்ப் பகுதிகளில் விரிந்தவை. பல நாடுகள் ஒரே பாசன வழியை ஒட்டிய ஊர்களின் தொகுதியாக இருந்தன. அதிகாரி ஒருவர் கோடு கிழித்து உருவாக்கிய அலகாக நாட்டைக் கருத இதற்குப் பிறகு இடம் குறைவு. உழுகுடிகள் சேர்ந்து வாழ்ந்த வட்டாரத்தை அரசு பின்னால் வந்து ஏற்றுக்கொண்டது என்பதே பொருந்துகிறது.

வளநாடு அப்படிப்பட்டதன்று. ஏறத்தாழ கி.பி. 1000ஐ ஒட்டி, நிலம் அளந்த அதே காலத்தில், ராஜராஜன் நாடுகளைத் தொகுத்து வளநாடுகளை அமைத்தான். அவற்றுக்கு ஆறுகளையே எல்லைகளாகக் கொள்வது வழக்கமாயிற்று. அருமொழிதேவ வளநாடு, நித்தவினோத வளநாடு, கேரளாந்தக வளநாடு என்று தன் இயற்பெயரையும் விருதுப்பெயர்களையும் சூட்டினான். குலோத்துங்கன் காலத்தில் சில வளநாடுகளின் பெயர் மாறியது. மேலடுக்கின் பெயர் ஆள்பவரோடு வந்து ஆள்பவரோடு போக, கீழடுக்கின் நாட்டுப்பெயர்கள் நூற்றாண்டுகள் நீடித்தன. மக்கள் வழங்கிய அலகும் அரசு வகுத்த அலகும் வெவ்வேறு வேர் கொண்டவை என்பதற்கு இதைவிடத் தெளிவான பழஞ்சான்று கிடைப்பது அரிது.

ஆனால் இதிலிருந்து நாட்டையே இயற்கையான, நீதியான அலகு என்று கொள்வது அவசரமாகும். நாட்டார் சபையில் பேசியவர்கள் நிலம் உடையவர்கள். பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் கல்வெட்டில் ஊர் நத்தத்துக்கு வெளியேதான் குறிக்கப்படுகின்றன.

உடன்படிக்கைகளில் பிறந்த மாவட்டங்கள்

இன்றைய மாவட்டத்தின் நேரடி மூதாதை நாடும் அன்று, வளநாடும் அன்று; கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் ஜில்லா. அதன் முதற்கோடுகள் பெரும்பாலும் போரிலும் உடன்படிக்கையிலும் விழுந்தவை. செங்கல்பட்டு ஆற்காட்டு நவாபிடமிருந்து பெற்ற ஜாகீர். பாரமகாலும் திண்டுக்கல்லும் 1792இல் திப்புவிடமிருந்து கைமாறியவை. கோயம்புத்தூர் 1799இல் அவர் வீழ்ந்த பின் கிடைத்தது. தஞ்சாவூர் அதே ஆண்டில் கம்பெனியின் நிர்வாகத்துக்கு வந்தது. ஆற்காடுகளும் திருச்சியும் மதுரையும் திருநெல்வேலியும் 1801இல் நவாபின் ஆட்சி முடிவுக்கு வந்தபோது சேர்ந்தவை. கைப்பற்றிய துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு கலெக்டர் என்ற ஏற்பாடு நிலைத்துப்போய், பின்னால் வந்தோர் அதற்கு நிர்வாகக் காரணங்களைக் கண்டுகொண்டார்கள்.

பாரமகாலில் அலெக்சாண்டர் ரீடின் கீழ்ப் பணிபுரிந்த தாமஸ் மன்றோ அந்த ஏற்பாட்டுக்கு ஒரு கொள்கை தந்தார். ஜமீன்தாரோ இடையில் வேறெவரோ இல்லாமல் ஒவ்வொரு ரயத்திடமும் அரசே நேரடியாகத் தீர்வை பெற வேண்டுமானால் ஒரு மனிதர் தம் ஜில்லாவைச் சுற்றிவந்து அறிந்திருக்க வேண்டும். வரி, காவல், குற்றவியல் அதிகாரம் மூன்றும் அவர் கையில் சேர்ந்திருப்பது நல்லது. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் நீதிபதிகளிடமிருந்த மாஜிஸ்திரேட் அதிகாரத்தைக் கலெக்டருக்கு மாற்றின. ஜமாபந்தி, பசலி, சிட்டா, அடங்கல் என்று இன்றும் தாலுகா அலுவலகத்தில் புழங்கும் சொற்கள் அதற்கு முந்தைய ஆட்சிகளிலிருந்து வந்து இந்த அமைப்புக்குள் இறுகியவை.

இந்தக் கொள்கைக்கு இரண்டு குறைகள் வெகுசீக்கிரம் தெரிந்தன. ஒன்று, ஒருவரால் சுற்றி அறிய முடியாத அளவுக்கு ஜில்லா பெரிது. மற்றொன்று, அறிந்தவர் கலெக்டராக இல்லை. ராபர்ட் ஃபிரைக்கன்பர்க் சென்னை மாகாணத்தின் குண்டூர் ஜில்லாவைப் பற்றி எழுதிய நூல் (1965), கச்சேரியின் சிரஸ்தார்களும் ஊர்க் கர்ணங்களும் சேர்ந்து கலெக்டரின் கண்ணை மறைத்துத் தமக்கென ஓர் ஆட்சி நடத்தியதை ஆவணங்களிலிருந்து காட்டியது. குண்டூரின் நிலைமையை அப்படியே தஞ்சைக்கோ கோவைக்கோ பொருத்த முடியாது. ஆயினும் ஒன்று சொல்லலாம்: ஜில்லாவின் பெயர் கலெக்டருடையதாக இருந்தாலும், நிலப்பதிவேடு யாரிடம் இருந்ததோ அவரே அந்த வட்டாரத்தை ஆண்டார். தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ண, மணியப் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, தேர்வு மூலம் கிராம நிர்வாக அலுவலர்கள் அமர்த்தப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1982இல் அதை ஏற்றது. எந்த மாவட்டப் பிரிப்பைக் காட்டிலும் இது கிராமத்து ஏழையின் வாழ்வில் ஆழமாக இறங்கிய மாற்றம் என்றே தோன்றுகிறது. மாவட்டங்களைப் பற்றிய எழுத்தில் அதற்குரிய இடம் கிடைத்ததில்லை.

தாலுகாவைப் பற்றியும் இங்கே ஒரு சொல். வெறும் வருவாய் அலகாகத் தொடங்கிய அது, மாநில எல்லையையே முடிவுசெய்யும் அளவுக்குக் கனம் பெற்றது. 1956இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. தாலுகாவுக்குப் பதில் கிராமத்தை அலகாக எடுத்திருந்தால் அந்த எல்லை வேறு விதமாக ஓடியிருக்கக்கூடும்.

அரசு அருகில் வர வேண்டும் என்ற வாதம்

சுதந்திரத்துக்குப் பின் நடந்த பிரிப்புகளுக்குப் பெரும்பாலும் ஒரே காரணமே சொல்லப்பட்டது: தலைநகர் தொலைவில் இருக்கிறது. 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி, 1974இல் புதுக்கோட்டை, 1979இல் கோவையிலிருந்து ஈரோடு (அன்று பெரியார் மாவட்டம்), 1985இல் ராமநாதபுரம் மூன்றாகவும் மதுரை இரண்டாகவும், 1986இல் தூத்துக்குடி, 1989இல் வட ஆற்காடு, 1991இல் நாகப்பட்டினம், 1993இல் தென் ஆற்காடு என்று வரிசை நீள்கிறது. 1995க்கும் 1997க்கும் இடையே கரூர், பெரம்பலூர், தேனி, நாமக்கல், திருவாரூர், திருவள்ளூர் பிறந்தன. 2004இல் கிருஷ்ணகிரி, 2009இல் திருப்பூர், 2019 நவம்பரில் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு.

இந்தக் காரணத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. 1910இல் அமைந்த ராமநாதபுரம் ஜில்லாவின் ஆட்சியர் அலுவலகம் பல பத்தாண்டுகள் மதுரையிலேயே இருந்தது. முதுகுளத்தூரிலிருந்து மனுவோடு புறப்படுகிறவர் தம் மாவட்டத்தைக் கடந்து அயல் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டியிருந்தது. செங்கல்பட்டு மாவட்டத்துக்கு நெடுங்காலம் சைதாப்பேட்டை தலைமையிடம். 7,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருந்த பழைய விழுப்புரம் மாவட்டத்தில் கல்வராயன் மலைவாசிகளுக்கு விழுப்புரம் போய்வருவது ஒரு நாள் கூலியை விழுங்கும் பயணம். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்கும் முதியவர்களுக்குத் தொலைவு என்பது நிர்வாகச் சொல்லன்று. பேருந்துக் காசும் பசியும்.

மயிலாடுதுறையின் வழக்கு இதில் தனித்து நிற்கிறது. 1997இல் திருவாரூர் தனி மாவட்டமானபோது மிஞ்சிய நாகப்பட்டினம் மாவட்டம் இரண்டு துண்டுகளாகிவிட்டது. வடக்கே சீர்காழி, மயிலாடுதுறை, தரங்கம்பாடி. தெற்கே நாகப்பட்டினம், வேதாரண்யம். இடையில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால். வடதுண்டின் மக்கள் தம் ஆட்சியரைக் காண வேண்டுமானால் காரைக்காலையோ திருவாரூர் மாவட்டத்தையோ கடந்தாக வேண்டும். 2004 ஆழிப்பேரலையில் மாநிலத்தின் உயிரிழப்பில் பெரும்பங்கு நேர்ந்தது இந்தத் துண்டுபட்ட கடற்கரை மாவட்டத்தில்தான். ஒரு பிரிப்பு விட்டுச்சென்ற பிழையைத் திருத்த 23 ஆண்டுகளும் இன்னொரு பிரிப்பும் தேவைப்பட்டன. புது மாவட்டம் கோருவோரின் பார்வை தாம் பெறும் தலைநகரின்மேல் இருக்கிறது. மிஞ்சும் பகுதியின் வடிவத்தைக் கவனிக்கும் பொறுப்பு எவரிடமும் தெளிவாக இல்லை.

அருகாமை வாதத்தின் பலவீனம், அது அளவுகோலாகச் சொல்லப்பட்டும் அளவுகோலாகப் பயன்படாமல் போனதில் இருக்கிறது. 2011இல் பெரம்பலூர் மாவட்டத்தில் 5.65 லட்சம் பேர். அதே கணக்கெடுப்பில் விழுப்புரத்தில் 34.6 லட்சம் பேர். ஆறு மடங்கு வேறுபாட்டை எந்தத் தொலைவுக் கணக்காலும் விளக்க முடியாது. அரியலூர் 2001இல் மாவட்டமாகி, 2002இல் பெரம்பலூரோடு மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடி பிரிக்கப்பட்டது. அந்த ஆறு ஆண்டுகளில் அங்கே தொலைவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாவட்ட எல்லையை மாற்ற அரசாணை போதும். சட்டமன்றத்தில் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. அதனால் ஆட்சி மாற்றத்துக்கு மாவட்டம் ஆட்படுவதும் எளிதாகிறது.

இன்னொன்று. சாதாரணக் குடிமகனின் தேவைகளில் பெரும்பாலானவை ஆட்சியர் வரை போவதில்லை. பட்டா மாறுதல், சாதிச் சான்று, வாரிசுச் சான்று, நிலம் அளக்கும் சர்வேயர் எல்லாம் வி.ஏ.ஓ., பிர்கா, தாசில்தார் என்ற படிகளில் முடிபவை. அந்தப் படிகளில் ஆள் பற்றாக்குறை இருக்கும்போது மேலே ஒரு புதுக் கட்டடம் எழுவதால் என்ன குறைகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இணையவழிச் சேவை வந்தபின் தொலைவே பொருளற்றது என்பவர்களும் உண்டு. முதல் கேள்வி நியாயமானது. இரண்டாவது கூற்றை அப்படியே ஏற்பது கடினம். விண்ணப்பம் கணினியில் போகிறது. நிராகரிக்கப்பட்டவர் இன்றும் நேரில்தான் போகிறார்.

பெயரும் பெருமையும்

1979 முதல் 1997 வரை புது மாவட்டங்களுக்குத் தலைவர்களின் பெயர் சூட்டப்பட்டது. பழைய மாவட்டங்கள் சிலவும் அப்படிப் பெயர் பெற்றன. காமராசர், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர், சிதம்பரனார், நெல்லை கட்டபொம்மன், வட ஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர், விழுப்புரம் ராமசாமி படையாட்சியார், நாகை காயிதே மில்லத் என்று பட்டியல் வளர்ந்தது. 1997இல் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் வைக்கப்பட்டதை எதிர்த்துத் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. அதையொட்டி அரசு எல்லா மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர் பெயர்களை நீக்கியது. ராஜராஜனின் வளநாடுகளுக்கு நேர்ந்தது சுருக்கமான காலத்தில் மறுபடி நேர்ந்தது: ஊர்ப்பெயர் மட்டும் மிஞ்சியது.

பெயர்ச் சிக்கலுக்கு அடியில் கனமான கேள்வி ஒன்று உண்டு. மாவட்ட எல்லை ஒரு சமூகத்தைப் பெரும்பான்மையாகவோ சிறுபான்மையாகவோ ஆக்குகிறதா? வட ஆற்காடு, தென் ஆற்காடு, ராமநாதபுரம் பிரிப்புகளைச் சாதிக் கணக்கோடு சேர்த்துப் பேசுவது அரசியல் வட்டாரங்களில் வழக்கம். மாவட்டம் தழுவிய தேர்தல் பதவி எதற்கும் நேரடி வாக்கு இல்லாத நிலையில் அந்தக் கணக்கு எவ்வளவு பலிக்கும் என்பது ஐயத்துக்குரியது. கட்சி அமைப்பில் மாவட்டச் செயலாளர் பதவிகள் பெருகுவது மட்டும் கண்கூடு.

ஒரே மண்ணில் பல கோடுகள்

மாவட்டம் என்று ஒருமையில் பேசுவதே பிழையோ என்று எண்ணவைக்கும் நிலை இன்று இருக்கிறது. வருவாய்த் துறைக்கு 38 மாவட்டங்கள். பொதுச் சுகாதாரத் துறையோ சிவகாசி, பரமக்குடி, அறந்தாங்கி, செய்யாறு, பூந்தமல்லி போன்ற ஊர்களைத் தனிச் சுகாதார மாவட்டங்களாக வைத்திருக்கிறது. பள்ளிக்கல்விக்குக் கல்வி மாவட்டங்கள் வேறு. காட்டுக்கு வனக்கோட்டங்கள், பாசனத்துக்கு ஆற்றுப் படுகைகள். சென்னையைச் சுற்றி ஆவடி, தாம்பரம் காவல் ஆணையரகங்கள் 2022 ஜனவரியில் வந்தபோது காவல் எல்லை வருவாய் எல்லையை விட்டு இன்னும் விலகியது. தென்காசி மக்களவைத் தொகுதிக்குள் விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கின்றன.

கீழே போனால் சிக்கல் கூடுகிறது. வருவாய் கிராமங்கள் 16,000க்கு மேல். ஊராட்சிகள் ஏறத்தாழ 12,500. ஓர் ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய் கிராமங்கள் இருக்கலாம். ஒரு வருவாய் கிராமம் இரண்டு ஊராட்சிகளில் விழலாம். புறம்போக்கு ஒன்றை யார் காக்க வேண்டும், ஏரி வரத்துக்கால் அடைபட்டால் யாரிடம் முறையிட வேண்டும் என்பதில் குழப்பம் எழுவதற்கு இந்தப் பொருந்தாமை ஒரு காரணம். எல்லாக் கோடுகளையும் ஒன்றாக்கிவிடலாம் என்பதும் விடையாகத் தெரியவில்லை. வைகைக்கும் நொய்யலுக்கும் தாலுகா எல்லை தெரியாது, நோய்க்கும் தெரியாது. சென்னையில் 2011இல் 426 சதுர கிலோமீட்டராக விரிந்த மாநகராட்சிக்கு இணையாக 2018இல் வருவாய் மாவட்டத்தையும் விரித்தார்கள். இரண்டு கோடுகளைக் கவனமாகப் பொருத்திய முயற்சி அது. அதற்கே ஏழு ஆண்டுகள் பிடித்தன.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் மாவட்டம்

நான்காவது விடை உள்ளாட்சியிலிருந்து வருகிறது. 1882இல் வைஸ்ராய் ரிப்பன் வெளியிட்ட தீர்மானத்தைத் தொடர்ந்து 1884ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் மாவட்ட போர்டு, தாலுகா போர்டு, யூனியன் பஞ்சாயத்து என்ற மூன்றடுக்கைத் தந்தது. 1920களில் மாவட்ட போர்டுகள் சாலை, பள்ளி, மருத்துவமனை, சில இடங்களில் இரயில்பாதை வரை கவனித்த வலுவான அமைப்புகளாக இருந்தன. டேவிட் வாஷ்புரூக்கும் கிறிஸ்டபர் பேக்கரும் 1976இல் எழுதிய நூல்கள் அவற்றின் மறுபக்கத்தைக் காட்டின: உள்ளூர்ப் பெருநிலக்காரர்களும் வணிகர்களும் செல்வாக்கைப் பங்கிடும் களமாகவும் அவை இருந்தன. ஆனால் செல்வாக்குப் போட்டி நடந்தது என்பதே அங்கே உண்மையான அதிகாரம் இருந்ததற்குச் சான்று என்றும் வாசிக்கலாம்.

1958ஆம் ஆண்டின் சட்டம் மாவட்ட போர்டுகளுக்கு முடிவுகட்டியது. பல்வந்தராய் மேத்தா குழு 1957இல் வட்டார அளவை முதன்மையாக்கச் சொன்னதற்கு இணங்க, தமிழகத்தில் ஊராட்சி ஒன்றியம் வலுப்பெற்றது. மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் ஆலோசனை மன்றம் மட்டும் எஞ்சியது. அசோக் மேத்தா குழு 1978இல் மாவட்டத்தையே பரவலாக்கத்தின் முதற்படியாகக் கொள்ளப் பரிந்துரைத்தது. 73ஆவது திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் மாவட்ட ஊராட்சியை மீட்டுத் தந்தாலும், ஆட்சியருக்கு நிகரான வலு அதற்கு வரவில்லை. நகரையும் கிராமத்தையும் சேர்த்து ஒரே மாவட்ட மன்றம், அதற்கு முதன்மை அலுவலராக ஆட்சியர் என்ற இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையத்தின் யோசனை தாளில் நிற்கிறது.

மாவட்டப் பிரிப்பும் உள்ளாட்சியும் நேரடியாக மோதியது 2019இல். 2016 உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தபின் மூன்றாண்டுகள் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினார்கள். தேர்தல் நெருங்கிய அதே நவம்பரில் ஐந்து புது மாவட்டங்கள் தொடங்கப்பட்டன. வார்டு மறுவரையறை முடியவில்லை என்பதால், பிரிந்தவையும் பிரிக்கப்பட்டவையுமான ஒன்பது மாவட்டங்களை விட்டுவிட்டு மற்றவற்றில் தேர்தல் நடத்த உச்ச நீதிமன்றம் டிசம்பர் 6 அன்று அனுமதித்தது. 27 மாவட்டங்கள் அந்த மாத இறுதியில் வாக்களித்தன. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் கிராமங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. பெருந்தொற்று பரவிய அந்த இரண்டு ஆண்டுகளில் ஆட்சியர் அலுவலகம் அருகே வந்த அதே ஊர்களில் ஊராட்சித் தலைவர் இல்லை. எந்த அருகாமை மதிக்கப்பட்டது, எது மதிக்கப்படவில்லை என்பதை இது வருத்தத்தோடு எண்ணவைக்கிறது.

உள்ளாட்சியே தீர்வு என்பவர்கள் எதிர்கொள்ள வேண்டிய வரலாறும் உண்டு. கிராமத்தை விடுத்துத் தனிமனிதரை அலகாகக் கொண்டதற்காக அரசமைப்பு வரைவை அம்பேத்கர் 1948 நவம்பரில் வரவேற்றுப் பேசினார். மேலவளவில் 1997இல் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்டதும், பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை தனி ஊராட்சித் தேர்தல் நடத்தவிடாமல் தடுக்கப்பட்டதும் கிராமத்தை அலகாக்குவதில் அவருக்கிருந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு என்று காட்டின. பத்தாண்டுகளுக்குப் பின் அங்கே தேர்தல் நடந்ததில் மாவட்ட நிர்வாகத்தின் பங்கு கணிசமானது. சிற்றலகில் ஒடுக்கப்படுபவருக்குப் பேரலகு அரணாவதும் நடக்கிறது.

அயல் மாநிலங்களின் பாடம்

தெலங்கானா 2016இல் 10 மாவட்டங்களை 31ஆக்கியது. 2019இல் அவை 33 ஆயின. ஆந்திரம் 2022 ஏப்ரலில் மக்களவைத் தொகுதியை அடிப்படையாக வைத்து 13ஐ 26ஆக்கியது. குறையுடையதானாலும் வெளிப்படையான அளவுகோல் ஒன்று அங்கே இருந்தது. ராஜஸ்தான் 2023இல் 17 புது மாவட்டங்களை அறிவிக்க, அடுத்த அரசு 2024 டிசம்பரில் அவற்றுள் ஒன்பதை நீக்கியது. அரியலூரின் கதை அங்கே பேருருவில் நிகழ்ந்திருக்கிறது.

கேரளம் வேறு வழி சென்றது. 1984இல் காசர்கோடு பிறந்ததிலிருந்து அங்கே 14 மாவட்டங்கள்தான். 2011இல் மலப்புறத்தில் 41 லட்சம் பேர் இருந்தும் அது பிரிக்கப்படவில்லை. 1996 முதல் மக்கள் திட்டத்தின் வழியே ஊராட்சிக்கு நிதி இறங்கியது, பணியாளரும் இறங்கினார்கள். அங்கே ஊராட்சிகள் மிகப் பெரியவை என்பதால் தமிழகத்தோடு நேர் ஒப்பீடு பொருந்தாது. ஆயினும் மாவட்டத்தை வெட்டாமலே அரசை அருகில் கொண்டுவர வழி உண்டு என்ற அளவில் அந்த அனுபவம் கவனத்துக்குரியது.

தீராமல் நிற்பவை

பெரிய மாவட்டங்கள் மக்களை அலைக்கழித்தன என்பதற்குச் சான்று போதுமான அளவு இருக்கிறது. பிரித்ததால் அந்த அலைச்சல் எவ்வளவு குறைந்தது என்பதற்கு அதே அளவு சான்று திரட்டப்படவில்லை. ஒரு பட்டா மாறுதல் பிரிப்புக்கு முன் எத்தனை நாள் எடுத்தது, பின் எத்தனை நாள் என்ற எளிய கணக்குகூட மாவட்ட வாரியாக ஒப்பிடத் தகுந்த வடிவில் பொதுவெளியில் இல்லை. கும்பகோணம், பொள்ளாச்சி, விருத்தாசலம், கோவில்பட்டி என்று அடுத்த கோரிக்கைகள் காத்திருக்கின்றன. அவற்றை எடைபோட மக்கள்தொகை, பரப்பு, பயண நேரம், மிஞ்சும் பகுதியின் வடிவம், உள்ளாட்சித் தேர்தலின் காலம் ஆகியவற்றை வெளிப்படையாக வைக்கும் நிலையான ஆணையம் ஒன்று வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அப்படிப்பட்ட ஆணையத்தை எந்த அரசு விரும்பி அமைக்கும் என்பது வேறு கேள்வி.

மாவட்டம் வரி வட்டமா, சேவை மையமா, தன்னாட்சி அலகா என்ற முதற்கேள்வியில் மூன்றுக்கும் ஒருசேர ஆம் என்று சொல்லிவருகிறோம். மூன்றுக்கும் ஒரே கோடு பொருந்தும் என்பதை ஆயிரம் ஆண்டு வரலாறு ஆதரிப்பதாகத் தெரியவில்லை. பொருந்தவே பொருந்தாது என்று முடிவுகட்டவும் அது போதவில்லை. தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, மயிலாடுதுறை ஆறும் 2011க்குப் பின் பிறந்தவை. அவற்றின் எழுத்தறிவும் பிழைப்பும் குடிநீரும் இன்றுவரை தாய் மாவட்டங்களின் பழைய எண்களிலிருந்து பிரித்தெடுத்த கணக்குகளாகவே பேசப்படுகின்றன. 2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் அந்த ஆறும் இன்றைய வடிவில் முதன்முறையாகத் தத்தம் பெயரில் எண்ணப்பட இருக்கின்றன.